ஓநாய் ஏறாத பாறை

எங்க அண்ணன் செத்த அன்னைக்கு அதோட கம்ப்யூட்டர் மாடியில ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. யாருக்கும் அந்த நெனப்பு இல்ல.

பால் வாங்கப் போன போக்குதான். சாயங்காலம் அம்மா டீத்தண்ணிய அடுப்புல வச்சுட்டு, "டேய், பால் தீந்து போச்சு, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா"ன்னு மாடியப் பாத்து கத்துச்சு. அண்ணன் இறங்கி வந்து வண்டிச் சாவிய எடுத்துச்சு. "வாரேன்"னு சொல்லுச்சு. மேலூர் ரோட்டுல லாரி. அதுக்கு மேல எனக்கு எழுத வராது, நான் எழுதவும் போறதில்ல.

எங்க வீட்ல இப்ப பால் வாங்குறதில்ல. கடுங்காப்பிதான். வாங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அம்மா வாங்கல, நாங்க கேக்கல, அம்புட்டுதான்.

சொந்தக்காரவுக பேரையூர்ல இருந்து வேன் பிடிச்சு வந்து கீழ் வீடு பூராம் நெறஞ்சு கெடந்தாக. சுடுகாட்டுல பால் தெளிக்கிற சடங்கு முடிஞ்ச மறுநாள், அத்தைக்குப் போத்திக்க ஒரு போர்வை வேணும்னு நான் மாடிக்கு ஏறினேன். மாடின்னா பெருசா ஒண்ணும் இல்ல. மொட்டமாடியில ஒரு ஓரமா செவுரு எழுப்பி, மேல தகர சீட்டு போட்ட ஒத்த ரூம்பு. அண்ணன் ரூம்பு. கதவத் தொறந்ததும் உள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி சத்தம். டேபிளுக்கு அடியில சிபியு காத்தாடி சுத்திக்கிட்டு இருக்கு. ஸ்க்ரீன் மட்டும் கருப்பா இருந்துச்சு. மவுச லேசாத் தொட்டேன்.

மல தெரிஞ்சுச்சு. ஒரு மல இல்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மலை மலையா. முன்னால ஒரு பாற. பாற மேல ஒரு ஆளு, கம்பளி போத்திக்கிட்டு, கையில கம்போட, எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான். காத்துல கம்பளி ஆடுது. தோளு ஏறி ஏறி எறங்குது. மூச்சு விடுறான்.

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். போர்வைக்கு அத்த கீழ இருந்து கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு.

அண்ணன் என்ன வேல பாத்துச்சுன்னு சொல்றேன். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டுற வேல. ஏணி போட்டு ஏறி, வயர் இழுத்து, கேமராவத் திருப்பி வச்சு, கீழ இறங்கி டிவியில சரியாத் தெரியுதான்னு பாக்கணும். "நாள் பூராம் சந்தையும் சாக்கடையையும் மங்கலா பாத்துட்டு வாரேன், வீட்டுக்கு வந்தா எனக்குக் கலர் வேணும்ல"ன்னு சொல்லும். பழைய பார்ட்டு பார்ட்டா வாங்கிச் சேத்து அந்தக் கம்ப்யூட்டர அதுவா மாட்டுச்சு. கிராபிக்ஸ் கார்டு வந்த அன்னைக்கு, கொழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி நெஞ்சோட அணச்சு மாடிப்படி ஏறுச்சு. அம்மா, "எங்கள ஒரு நாளாவது இப்படித் தூக்கிருக்கியாடா"ன்னு கேட்டுச்சு.

கேம் விளையாடுறவங்க எல்லாம் ஜெயிக்கத்தான் விளையாடுவாக. எங்க அண்ணன் பாக்குறதுக்கு விளையாடுச்சு. எனக்கு ஆடத் தெரியாது, பக்கத்துல கட்டில்ல உக்காந்து பாப்பேன்.

"ஏய், இங்க வா. இதப் பாரு."

"அண்ணே, எதுத்தாப்புல ஒருத்தன் வாளோட வாரான்."

"வரட்டும். அந்தத் தூண் மேல வெயில் எப்படி விழுதுன்னு பாரு."

"குத்தப் போறான்ணே. குத்திட்டான். செத்துட்ட."

"சரி. வெயிலு எப்படி இருந்துச்சு?"

இப்படித்தான் இருக்கும். ஒரு கேம்ல ராத்திரி டவுனு, மழை பெஞ்சு ரோடெல்லாம் ஈரம், கடை போர்டு லைட்டு பூராம் தண்ணியில தலகீழா நெளியும். அது கார் ரேஸ். அண்ணன் காரை ஓரமா நிறுத்திட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கும். இன்னொரு கேம் பூராம் கலர் பேப்பர வெட்டி ஒட்டுன மாதிரி, கடல் கூட பேப்பர்தான், அல வந்தா பேப்பர் மடியிற மாதிரி மடியும். அத மொதல்ல பாத்தப்ப எனக்கு வாய் மூடல. அண்ணன் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுச்சு.

அது ஒரு விஷயம் அடிக்கடி சொல்லும். "தலமுடி ஒண்ணொண்ணாத் தெரியுது, வேர்வ தெரியுதுன்னு பெரும பேசுவாங்கெ. அது மிஷினு பண்ணிரும். ஆனா ஒருத்தன் உக்காந்து, இந்த மலைக்கு இந்த நீலந்தான், வேற நீலம் இல்லன்னு முடிவு பண்ணிருக்கான் பாரு. அவன்தான் ஆளு."

அந்த நீலத்துக்குப் பேரு நான்தான் சொல்லணும். நான் பத்தாவதோட நின்னுட்டு டவுன்ல சேலக் கடையில மடிக்கிற வேலைக்குப் போனவ. கடையில கலருக்கெல்லாம் பேரு உண்டு. மயில் கழுத்து, வெங்காயக் கலரு, கத்திரிப்பூ, அரக்கு, யானக் கலரு. அண்ணன் கேமை நிறுத்திட்டுக் கேக்கும்.

"அந்தத் தூரத்து மல?"

"மயில் கழுத்து. ஆனா ரெண்டு தடவ துவச்சது."

"வானம்?"

"வெங்காயம். மேல கொஞ்சம் மாம்பழம் ஓடுது."

"இத எவனும் எனக்குச் சொல்ல மாட்டான்டி"ன்னு சந்தோசமாச் சொல்லும். ஜன்னலத் தொறந்தா எங்களுக்கு யானமல தெரியும். ஒரு நாள் அதப் பாத்துட்டு, "இம்புட்டுப் பெரிய கல்ல ஊருக்கு நடுவுல ஒருத்தன் கேம்ல வச்சா, கிராபிக்ஸ் ஓவரா இருக்குன்னு சொல்லிருவாங்கெ"ன்னுச்சு.

சரி, அந்தக் கம்பளிக்காரன் கதைக்கு வாரேன்.

எங்க அண்ணன்கூடச் சேந்து கேமரா மாட்டுற வேல பாத்த ஒரு அண்ணே, துக்கம் கேக்க வந்தப்ப, நான் அவர மாடிக்குக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சேன். அவரு ஸ்க்ரீன்கிட்டக்கக் குனிஞ்சு பாத்தாரு. அப்பறம் சொன்னாரு.

"இது கண்ட எடத்துல சேவ் ஆகுற கேம் இல்ல பாப்பா. அங்கங்க தீ மூட்டி இருக்கும். அதுக்கிட்ட போயி உக்காந்தாத்தான் பதிவாகும். மாப்ள கடைசியா உக்காந்த தீ அந்தா அந்த மலைக்கு அந்தப் பக்கம். அங்கருந்து இங்க வரைக்கும் நடந்து வந்திருக்கான். இப்ப ஆஃப் ஆச்சுன்னா இந்த நட பூராம் போயிரும். திருப்பி ஆன் பண்ணினா பழைய தீயிலதான் இருப்பான்."

"ஓநாய் வருமேண்ணே இதுல. எப்படி இம்புட்டு நாளா ஒண்ணும் ஆகாம நிக்கிறான்?"

"பாறைக்கு மேல நிக்கிறான்ல. இதுல ஓநாய் ஏறாது. எங்கயாச்சும் எந்திரிச்சுப் போகணும்னா மாப்ள இப்படி எடமாப் பாத்து நிறுத்திட்டுத்தான் போவான்."

அப்பறம் அவரு கீழ சரிவுல கையக் காட்டினாரு. புல்லுக்கு நடுவுல மெல்லிசா புகை. "அந்தா இன்னொரு தீ இருக்கு. ரெண்டு நிமிஷ வேல. குடு, நான் கொண்டு போயி உக்கார வச்சுத் தாரேன். அப்பறம் எப்ப வேணா அமத்தலாம்."

அவரு கைய நீட்டினாரு. நான் விளையாடுற அந்தக் கேம் பேட முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

"வேணாம்ணே. அது நிறுத்திட்டுப் போன எடம்."

அவரு வற்புறுத்தல. கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகாம, அப்டேட் எதுவும் வராம என்னமோ மாத்தி வச்சுட்டு, "நான் பாத்துட்டேன். கரண்ட்ட மட்டும் நீ பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

எங்க பக்கம் செத்தவங்களக் கெடத்துன எடத்துல ஒரு விளக்கு வச்சு, கருமாதி வரைக்கும் அணையாம பாத்துக்குவாக. அம்மா கீழ எண்ண ஊத்தி ஊத்தி அந்த விளக்கப் பாத்துச்சு. நான் மேல இதப் பாத்தேன். கருமாதி அன்னைக்கு அந்த விளக்கக் குளிர வச்சுட்டாக. அதுக்கு ஒரு நாளு இருக்கு, அன்னைக்கு முடிக்கலாம்னு வழக்கம் சொல்லுது. என்னுதுக்கு அப்படி ஒரு நாள யாரும் சொல்லி வைக்கல.

அதுல இருந்து நான் வீட்ட விட்டுப் போகல.

கடையில இருந்து சூப்பர்வைசர் அக்கா போன் அடிச்சுச்சு. அப்பறம் அடிக்கல. அத்த, "பேரையூருக்கு வந்து எங்கூட கொஞ்ச நாள் இரு, மனசு மாறும்"னு பையக் கூட எடுத்து வச்சிருச்சு. நான் போகல. நான் போனா கரண்ட் போறப்ப யாரு பாப்பா? எங்க வீட்ல கீழ பெரிய யூபிஎஸ் ஒண்ணு, பழைய பேட்டரி. மேல கம்ப்யூட்டருக்குன்னு அண்ணன் சின்னதா ஒண்ணு வச்சிருக்கும். கரண்ட் போச்சுன்னா நான் ஓடிப் போயி கீழ ஃபேன், லைட்டு எல்லாத்தையும் அமத்துவேன், கீழ் பேட்டரி மாடி ரூம்புக்கு மட்டும் ஓடணும்னு. கேட்டா, "பேட்டரி வீக்கா இருக்கு"ன்னு சொல்லுவேன். மறுபடி கரண்ட் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். குளிக்கப் போனாக்கூட பாத்ரூம் லைட்டு மினுக்குதான்னு மேல பாத்துக்கிட்டேதான் தண்ணி ஊத்துவேன்.

சித்திரத் திருவிழாவுக்கு ஊரே கெளம்பிப் போச்சு. நாங்க துக்க வீடு, போகக் கூடாது. தெருவுல மைக்செட்டு, வேன்ல பிள்ளைக கத்திக்கிட்டுப் போற சத்தம். நான் தகர ரூம்புல உக்காந்து அந்தக் கம்பளிக்காரன் முதுகப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவனுக்கு அங்க விடியும், இருட்டும், மழை பெய்யும், நட்சத்திரம் வரும். எனக்கு அந்த ரூம்புல ஒரே ஒரு காலம்தான். மேல தகரம் காயுற காலம். அவனுக்கு வேர்க்காது, பசிக்காது, ஆனா நகர முடியாது. நான் நகர விட மாட்டேன். யார யாரு கட்டி வச்சிருக்கோம்னு எனக்கே தெரியல.

ஸ்க்ரீன எப்பவும் போட்டு வைக்க மாட்டேன், கரண்ட் இழுக்கும். போடுறப்ப, வாய் தன்னால கலர் பேரு சொல்லும். மயில் கழுத்து. அரக்கு. கேக்க ஆளு இல்லைன்னு சொன்ன பிறகுதான் ஒறைக்கும்.

நான் பயந்தது ஷட்டவுனுக்குத்தான். மாசம் ஒரு நாள் கரண்ட் ஆபீஸ்ல பராமரிப்புன்னு காலையில ஒம்போதுல இருந்து அஞ்சு வரைக்கும் நிறுத்துவாகல்ல, அது. அண்ணன் போன பிறகு மொத ஷட்டவுன் வந்தப்ப, நல்ல காலம், மத்தியானத்துக்கு முன்னாடியே குடுத்துட்டாக. அப்பறம் பிள்ளைகளுக்குப் பரீட்சைன்னு நிறுத்தவே இல்ல. பரீட்சை முடிஞ்ச கையோட, தெரு குரூப்புல மெசேஜ் வந்துச்சு. நாளைக்கு முழு நேரம், லைனே மாத்துறோம், நம்ம ஒத்தக்கடை பூராம் கரண்ட் இருக்காதுன்னு. நான் அத நாலஞ்சு தடவ படிச்சேன். நம்ம பேட்டரி அந்தக் கம்ப்யூட்டர மத்தியானம் வரைக்கும் இழுத்தா அதிகம்.

அந்தக் கேமரா அண்ணனுக்கு போன் பண்ணினேன். "ஜெனரேட்டர் எங்கயாச்சும் கெடைக்குமாண்ணே"ன்னு கேட்டேன். அவரு, "இன்னுமா ஓட்டிக்கிட்டு இருக்க"ன்னாரு. நான் போன வச்சுட்டேன்.

மறுநாள் சொன்ன மாதிரியே ஒம்போதுக்குப் போச்சு. அப்பா காலேஜ் பஸ் ஓட்டுறவரு, லீவு காலம், வீட்லதான் இருந்தாரு. தரையில வெறுந்துண்டோட படுத்து ஃபேனப் போட்டாரு. நான் அமத்தினேன்.

"பேட்டரி வீக்குப்பா."

"எம்புட்டு வீக்கா இருந்தாலும் ஒரு ஃபேன் ஓடாதா?"

"ஓடாதுப்பா."

அவரு பேப்பர மடிச்சு விசிறிக்கிட்டாரு. அண்ணன் போன பிறகு அப்பா எதுக்கும் ரெண்டாவது கேள்வி கேக்குறதில்ல. நான் மேல போயிக் கதவச் சாத்திக்கிட்டேன். ஃபேன் போடல, லைட்டு போடல, ஸ்க்ரீனும் போடல. சிபியு மட்டும் ஓடுது. தகரம் காஞ்சு டக்கு டக்குன்னு சத்தம் வருது. தரையில கால் வைக்க முடியல. கட்டில்ல காலத் தூக்கி வச்சு உக்காந்துக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் சத்தம் மாறுதான்னு காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

மத்தியானம் சோத்து நேரத்துக்குக் கீழ பெரிய யூபிஎஸ் பீப் அடிக்க ஆரம்பிச்சுச்சு. அம்மா மாடிப்படி ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் போன பிறகு அம்மா மேல வந்ததே இல்ல.

"அந்த மனுசன் கீழ வேர்த்து ஊத்திக் கெடக்காரு. இங்க என்னடி ஓடுது?"

 அம்மா டேபிளுக்கு அடியில நீல லைட்டப் பாத்துருச்சு.

"அண்ணன் செத்த வீட்ல கேம் விளையாடுறியா. இதுக்குத்தான் வேலைக்கும் போகாம மேலயே கெடக்கியா."

"விளையாடலம்மா."

"பின்ன என்ன பண்ற?"

 ஸ்க்ரீனப் போட்டேன்.

அங்க அப்ப காலையில மாதிரி. மலைக்கெல்லாம் ஓரத்துல மட்டும் வெளிச்சம். அவன் நிக்கிறான்.

"யாரு இது?"

"அண்ணன் விளையாண்ட ஆளு. நீ பாலுக்குக் கூப்புட்டப்ப இங்கதான் நிறுத்திட்டு இறங்கி வந்துச்சு. நான் அமத்தவே இல்ல. அமத்தினா இந்த எடம் போயிரும்."

அம்மா கட்டில்ல உக்காந்துச்சு. எம்புட்டு நேரம் பாத்துச்சுன்னு தெரியாது. முந்தானையால கழுத்தத் தொடச்சுக்கிட்டே பாத்துச்சு. புல்லு ஆடுறத, மேகம் போறத, எல்லாத்தையும்.

"நல்லாருக்கு"ன்னுச்சு. அப்பறம், "முதுகத்தான காட்டுறான். திரும்ப மாட்டானா?"

"அவன் திரும்ப மாட்டான். நாம வேணா அந்தப் பக்கம் போயிப் பாக்கலாம். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் பார்வைய மட்டும் சுத்தித் திருப்பினேன். மூஞ்சி தெரிஞ்சுச்சு. அம்மா கிட்டக்க குனிஞ்சு பாத்துச்சு.

"தாடிக்காரன்."

"ஆமா."

"மொகத்துல ஒரு களை இல்ல. இவனையா கட்டிக்கிட்டு நம்ம பய ராவும் பகலும் கெடந்தான்?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அம்மாவும் லேசாச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ளயே அம்மா மூஞ்சி மாறுச்சு.

"நான் கத்துனப்ப இங்கதான நின்னான்?"

"ஆமா."

"எப்பவும், இரும்மா, இரும்மான்னு பத்துத் தடவ கூப்புட வைப்பான். அன்னைக்கு ஒத்தக் கூப்பாட்டுக்கு இறங்கி வந்தான்டி. ஒரு நிமிஷம் இரும்மான்னு சொல்லியிருக்கலாம்ல."

அதுக்குப் பதில் எனக்குத் தெரியும். அன்னைக்கு அண்ணன் ஓநாய் ஏறாத பாறையில வந்து நின்னிருந்துச்சு. நடுவுல எங்கயாச்சும் இருந்திருந்தா, இரும்மான்னு சொல்லியிருக்கும். இந்தப் பாறைய நான் இம்புட்டு நாளாப் பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு அது ஒறைச்சுச்சு. நான் அம்மாகிட்ட சொல்லல. இப்ப வரைக்கும் சொல்லல.

கீழ பீப் சத்தம் வேகமா அடிச்சுச்சு.

"அப்ப இருந்து நிக்கிறானா?"ன்னு அம்மா கேட்டுச்சு.

"ஆமா."

"கால் வலிக்காதா?"

"பொம்மம்மா அது."

"பொம்மைன்னா நீ ஏன்டி வெயில்ல வெந்து காவக் காக்குற? நிக்க வச்சே வச்சிருக்கியே. உக்கார வையி."

"தீக்கிட்ட போனாத்தான் உக்காருவான்."

"அப்ப கூட்டிட்டுப் போ."

"நடந்தா இந்த எடம் போயிரும்மா."

"எடம் எங்கடி போகும். அது அங்கனயேதான் கெடக்கும். இவன்தான் போறான்."

கேம் பேட தலகாணிக்கு அடியில வச்சிருந்தேன். எடுத்தேன். கட்டவெரல் வைக்கிற எடத்துல ரப்பர் தேஞ்சு வழுவழுன்னு இருக்கும், அண்ணன் வெரல் பட்டுப் பட்டு. என் வெரல அதுல வைக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. வச்சு, லேசா முன்னால தள்ளினேன்.

அவன் நடந்தான். அம்புட்டு லேசா. இத்தன நாளும் நான் காத்துக் கெடந்ததெல்லாம் ஒரு வெரல் தள்ளுக்குப் போயிருச்சு. ஒரு எட்டு, ரெண்டு எட்டு, பாறையோட ஓரம். நான் ஏதோ ஒரு பட்டன அமுக்க, அவன் நின்ன எடத்துலயே குதிச்சான்.

"என்னடி குதிக்கிறான்."

"தெரியலம்மா."

மறுபடி அமுக்க, பாறையில இருந்து கீழ குதிச்சு, புல்லுக்குள்ள விழுந்து எந்திரிச்சான். நான் திரும்பிப் பாக்கல. பாறையத் திரும்பிப் பாக்க ஒரு குச்சிய சும்மாத் திருப்பினாப் போதும். நான் திருப்பல.

புல்லு அவன் இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. அவன் போகப் போக ரெண்டு பக்கமும் வெலகிச்சு, பின்னால மூடிக்கிச்சு. மேல இருந்து பாக்குறப்ப மாம்பழக் கலரா இருந்த புல்லு உள்ள போனா ஒவ்வொண்ணும் ஒரு கலரா இருந்துச்சு. எனக்கு அது தெரியாது. நான் எப்பவும் பாறையில இருந்துதான பாத்தேன். அண்ணன் இதெல்லாம் பாத்திருக்குமான்னு நெனச்சேன். எங்கயோ ஓநாய் ஊளையிட்டுச்சு. அம்மா என் கையப் பிடிச்சுக்கிச்சு.

"கைய விடும்மா, ஓட்ட முடியல."

"நாயி கத்துது."

"ஓநாய்."

"கம்பு வச்சிருக்கான்ல. அடிக்கச் சொல்லு."

"எந்தப் பட்டன்னு எனக்குத் தெரியாதும்மா."

"இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்து என்னத்தடி பாத்த?"

புல்லு ஒரு பக்கமா அசஞ்சு அசஞ்சு கிட்ட வந்துச்சு. நான் ஓட வச்சேன். எங்க போறேன்னு எனக்கே தெரியல, புகையக் காணோம், மரமா வருது. கீழருந்து வர்ற கரண்ட் கொறஞ்சு, மேல இந்த ரூம்பு யூபிஎஸ்சும் பீப் அடிக்க ஆரம்பிச்சுருச்சு. கை வேர்த்து வழுக்குது.

"வலது பக்கம். வலது பக்கம்டி, அந்தா புகை."

"எது?"

"சோத்தாங்கை பக்கம்."

அம்மாதான் வழி சொல்லுச்சு. மரத்துக்கு இந்தால வா, கல்லச் சுத்து, பள்ளம் இருக்கு பாத்து. மனுசன் ஒருத்தனக் கைப்பிடிச்சு ரோட்டக் கடக்க வைக்கிற மாதிரி. கல்லச் சுத்தி வந்தா தீ இருந்துச்சு. நாலு கல்லு, நடுவுல வெறகு, பக்கத்துல உக்கார ஒரு மரக்கட்ட. கிட்டக்க போனதும் என்னத்த அமுக்கணும்னு அதுவே காமிச்சுச்சு. அமுக்கினேன்.

அவன் கம்பக் கீழ வச்சான். கம்பளிய ஒதுக்கிட்டு மரக்கட்டையில உக்காந்தான். ரெண்டு கையையும் தீக்கு நீட்டினான். ஸ்க்ரீன் ஓரத்துல சின்னதா ஒரு வட்டம் சுத்தி மறஞ்சுச்சு. பதிஞ்சிருச்சு.

"உக்காந்துட்டான்"னு அம்மா சொல்லுச்சு.

தீ வெளிச்சம் அவன் மூஞ்சியில ஆடுச்சு. அந்த வெளிச்சத்துல தாடிக்குள்ள கொஞ்சம் களை இருக்க மாதிரிதான் இருந்துச்சு. அம்மா அழுகல. நானும் அழுகல. ரெண்டு பேரு மேலயும் வேர்வ ஊத்துது, யாரு கண்ணுல எது வருதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது.

"அமத்திரு. பேட்டரி தீந்து அதுவாப் போறதுக்கு நாமளே அமத்துறது மேலு."

எனக்கு அமத்தத் தெரியும். ஆனா கை போகல. அம்மா எந்திரிச்சு, "எது, இதா?"ன்னு தரையில இருந்த ஸ்விட்ச் பக்கம் குனிஞ்சுச்சு. "அது இல்லம்மா, அப்படி அமத்தக் கூடாது"ன்னு சொல்லி நானே மவுசப் பிடிச்சு, கேம மூடி, முறையா அமத்தினேன். டேபிளுக்கு அடியில காத்தாடி மெதுவாச் சுத்தி நின்னுச்சு. நீல லைட்டு போச்சு.

அந்த ரூம்பு அம்புட்டு அமைதியா இருந்து நான் கேட்டதில்ல. அது எனக்குப் பிடிக்கல.  வெளிய எவனோ ஒருத்தன் காய்கறி வண்டியில ரேடியோ போட்டுக்கிட்டுப் போனான்.

அம்மா எனக்கு முன்னால இறங்கிப் போயி, கூடத்து ஃபேனப் போட்டுச்சு. இருந்த பேட்டரியில அது மெதுவாத்தான் சுத்துச்சு. அப்பா கண்ணத் தொறந்தாரு.

"கரண்ட் வந்துருச்சா?"

"இல்ல. பேட்டரிதான்."

"வீக்குன்னாளே இவ."

"ஓடுற வரைக்கும் ஓடட்டும். நீங்க படுங்க."

கரண்ட் அன்னைக்கு இருட்டுற நேரத்துக்குத்தான் வந்துச்சு. நான் மேல போகல. அடுத்த நாளும் போகல. அந்தக் கேமரா அண்ணே போன் பண்ணிக் கேட்டாரு, உக்கார வச்சுட்டோம்னு சொன்னேன். "ஒரு நாள் வாரேன், அங்கருந்து எப்படிப் போகணும்னு சொல்லித் தாரேன்"னாரு. சரின்னேன். எப்பன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அவன் தீக்கிட்டதான இருக்கான். நான் வீட்லதான் இருக்கேன். அவசரம் ஒண்ணும் இல்ல.